நாளைய தோடி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ஒலிப்பதிவுகளை எல்லாம் கேட்டேன். தோடி சுத்தமாக இருக்கிறது. காந்தாரம் அசைய வேண்டிய அளவுக்கு அசைகிறது. மேல் ஸ்தாயியில் மூச்சு தடுமாறவில்லை. இந்த வயதில் இவ்வளவு வருவதே பெரிது. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். திங்கட்கிழமை வாசித்ததும் வியாழக்கிழமை வாசித்ததும் ஒரே தோடி. எங்கே நிறுத்தினாயோ அங்கேயே மறுபடியும் நிறுத்துகிறாய். எந்தப் பிடியில் மேல் ஷட்ஜத்துக்கு ஏறினாயோ அதே பிடியில்தான் திரும்பவும் ஏறுகிறாய். கார்வையின் நீளம்கூட மாறவில்லை. புரட்டாசி சனிக்கிழமை நின்ற நாராயணப் பெருமாள் கோயிலில் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், அரை மணி நேரம் ராகம் வாசிக்க இடம் கிடைக்கும் போலிருக்கிறது, எப்படித் தயாராவது அண்ணாச்சி என்று கேட்டிருந்தாய். நீ இப்போது தயாராகிற விதம்தான் எனக்குக் கவலை.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. பகலில் ஒரு வேலையும் பொழுது சாய்ந்தால் நாயனமுமாக இருக்கிற பிள்ளைகள் சாத்தூரிலும் ராஜபாளையத்திலும் அருப்புக்கோட்டையிலும் உண்டு. அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன்.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டைக் கேட்டுக் கேட்டுப் பிடி பிடியாக எடுத்திருக்கிறாய் என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. அது தப்பில்லை. நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். ஆனால் அந்தத் தட்டு எப்படிப்பட்ட பொருள் என்று யோசித்துப் பார். அந்தக் காலத்து 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் அடங்காது. கோயில் வாசலில் மணிக்கணக்கில் ஒரே ராகத்தை வாசித்துக் கூட்டத்தை நகரவிடாமல் வைத்திருந்த மனிதர், ரெக்கார்டிங் அறையில் அதைச் சில நிமிடத்துக்குள் மடக்கிக் கொடுத்தார். நீட்டச் சொன்னால் நீட்டவும் சுருக்கச் சொன்னால் சுருக்கவும் ஒருவரால் முடிந்திருக்கிறது என்றால் அவர் கையில் இருந்தது மனப்பாடமாக இருந்திருக்க முடியாது. மனப்பாடத்தை நீட்ட வராது. நடுவில் வெட்டினால் வெட்டினது தெரியும். நீ அவருடைய அந்தச் சில நிமிடத்தை வேதமாக வைத்துக்கொண்டு, அதையே இழுத்து அரை மணி நேரமாக்கப் பார்க்கிறாய். பத்தாவது நிமிடத்துக்கு மேல் உன் பதிவில் ஒரே பிடி மூன்று தரம் வருவது அதனால்தான்.

அவருடைய சிஷ்யர் காருக்குறிச்சி அருணாசலம் நம் பக்கத்து மனிதர். கோவில்பட்டியில் குடியிருந்தவர், 1964இல் இள வயதிலேயே போய்விட்டார். அவர் குருவிடம் கற்ற விதத்தைப் பார். பாடம் ஒரு பக்கம் இருந்திருக்கும். ஆனால் பெரிய படிப்பு, பக்கத்தில் நின்று இரண்டாவது நாயனம் வாசித்ததில்தான் நடந்தது. இரண்டாவது நாயனக்காரனுக்கு முன்கூட்டி எதுவும் தெரியாது. பெரியவர் ஒரு பிடியை வாசித்துவிட்டு மூச்சு வாங்குகிற இடைவெளியில் அதை அவன் ஏந்த வேண்டும். அவர் விட்ட சுரத்திலிருந்தே எடுக்க வேண்டும், அதைவிடப் பெரிதாக்கிவிடவும் கூடாது. காது ஒரு பிடிக்குள் இருக்கும்போதே விரல் அடுத்ததற்குத் தயாராக இருக்கும். இதை வீட்டில் உட்கார்ந்து ஒத்திகை பார்க்க வழியே இல்லை. நீ இந்த ஆறு மாதமாக யாருக்கும் இரண்டாவது நாயனம் வாசிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். தனி செட் வைத்துவிட்டால் இன்னொருவருக்குப் பக்கத்தில் நிற்பது கௌரவக் குறைச்சல் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னவருக்கு நாயனம் தெரியாது. இந்தப் பக்கத்தில் மூத்தவர் யாருக்குக் கச்சேரி இருந்தாலும் போய் நில். சம்பளம் குறைவாக இருந்தாலும் போ.

கல்யாண வீட்டில் ‘கொஞ்சும் சலங்கை’ பாட்டைக் கேட்கிறார்கள், அதை அப்படியே வாசிக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். தாராளமாக வாசி. 1962இல் அந்தப் படத்தில் ஜானகி அம்மாவின் குரலும் காருக்குறிச்சியாரின் நாயனமும் ஆபேரியில் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு போனதை இந்த ஜில்லா இன்னும் மறக்கவில்லை. அது பாட்டு, அச்சு மாறாமல் வாசித்தால்தான் மரியாதை. ஆனால் பாட்டுக்கு முன்னால் ஆபேரியைக் கொஞ்சம் வாசிக்கிறாயே, அங்கேயும் அந்தப் படத்தின் பிடிகளையே கோத்து வைக்காதே. அந்த இரண்டு நிமிடம் உன்னுடையது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. உன் அம்மா பட்டாசு பண்ணுகிற பயராபீஸில் எத்தனை வருஷமாக வேலை பார்க்கிறார்கள். அவர்களிடம் கேள், மருந்து எப்படிக் கலப்பார்கள் என்று. வெடியுப்பு ஒரு பக்கம், கந்தகம் ஒரு பக்கம், அலுமினியப் பவுடர் ஒரு பக்கம் என்று சரக்கு தனித்தனியாக இருக்கும். அது எத்தனை நாள் இருந்தாலும் கெடுதல் இல்லை. சலிப்பது, நிறுப்பது, ஈரம் இல்லாமல் பார்த்துக்கொள்வது என்று அதன் பின்னால் அவ்வளவு கவனமான வேலை இருக்கும். கலப்பது மட்டும் வெயில் ஏறுவதற்கு முன்னால், அன்றைக்கு வேண்டிய அளவுக்குத்தான். கலந்த மருந்தை ராத்திரிக்கு வைக்கக் கூடாது. ஈரம் ஏறினால் அது தானே சூடாகும். அந்த ஒரு விதியை மீறியதால் நம் ஊர்ப் பக்கம் எத்தனை வீடு இருண்டது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆலாபனையும் அப்படிக் கையாள வேண்டிய சரக்குதான் தம்பி. தோடியின் காந்தாரம், தைவதத்தில் நிற்கிற நிலை, பஞ்சமத்தை ஒதுக்கிவிட்டுப் போகிற வழி, ஒரு மூச்சில் எத்தனை தூரம் போகலாம் என்கிற அளவு, இதையெல்லாம் வருஷம் பூரா தனித்தனியாகச் சுத்தம் பண்ணி வை. கலப்பது சனிக்கிழமை மேடையில் நடக்கட்டும். வெள்ளிக்கிழமை ராத்திரியே கலந்து, ஆரம்பம் இது, நடு இது, முடிவு இது என்று கட்டிவைத்தால் மறுநாள் நீ வாசிப்பது வெள்ளிக்கிழமைத் தோடி.

இதற்கு நேர் எதிராக இன்னொரு பேச்சும் உன் காதில் விழும். ‘மனோதர்மம் என்பது வரம், அது தானாக வரும், சாதகம் பண்ணினால் மெஷின் மாதிரி ஆகிவிடும்’ என்பார்கள். நம் ஊர்களில் இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வாசிப்பை விட்டு வெகுநாள் ஆனவர்கள். அவர்களோடு வாதாட வேண்டாம். கேட்டுக்கொண்டு வந்துவிடு.

உன் ஊரிலேயே நடந்ததாகச் சிலப்பதிகாரம் ஒரு கதை சொல்கிறது. மதுரைக் காண்டத்தின் கடைசியில், கட்டுரை காதையில் வருகிறது. பராசரன் என்கிற வேத அந்தணன், சேர நாட்டுக்குப் போய் வாதில் ஜெயித்துப் பரிசில்களோடு திரும்புகிறான். வழியில் திருத்தங்காலில் அரசமர மன்றத்தில் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறுகிறான். அங்கே விளையாடுகிற சின்னப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, என்னோடு சேர்ந்து வேதம் சொல்கிறவன் இந்தப் பொதியை எடுத்துக்கொள்ளலாம் என்கிறான். வார்த்திகன் மகன் தட்சிணாமூர்த்தி, பால் மணம் மாறாத வாய், மழலையில் நாக்குக் குழறுகிறது. ஆனால் ஓத்து பிசகவில்லை. பராசரன் மகிழ்ந்துபோய் முத்துப் பூணூலும் கடகமும் தோடும் கொடுத்துவிட்டுப் போகிறான். (அந்த நகைகளாலேயே வார்த்திகனுக்குச் சிறை வந்தது, பாண்டியன் தன் தவறு தெரிந்து அவனை விடுவித்துத் திருத்தங்காலையே கொடுத்தான் என்று கதை மேலே போகும். அதை நீயே படி.)

அந்தப் பையன் சொன்னது வேதம். அதில் ஒரு எழுத்துகூட மாறக் கூடாது. உன் வேலை வேறு, உனக்கு முன்னால் எழுதி வைத்த எழுத்து எதுவும் இல்லை. இருந்தும் நான் இந்தக் கதையை எடுத்ததற்குக் காரணம், அவனுக்கு யாரும் தேதி கொடுக்கவில்லை என்பதுதான். இன்றைக்கு ஒருவர் வருவார், கேட்பார், பொதி வைத்திருப்பார் என்று அவனுக்குத் தெரியாது. தெருவில் விளையாடிக்கொண்டிருந்தவன் அப்படியே வந்து நின்று சொன்னான். ஒரு தேதிக்காகத் தயாரானவனாக இருந்தால் அன்றைக்கு வாயைத் திறந்திருக்க மாட்டான். நீ சனிக்கிழமைக்காக வாசித்துக்கொண்டிருக்கிறாய். சனிக்கிழமை என்று ஒன்று இல்லாவிட்டாலும் வாசிக்க வேண்டியதை வாசி என்கிறேன்.

அது என்ன என்று கேட்பாய். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் நாயனத்தைக் கீழே வைத்துவிட்டுப் பாடு. வாயில் வராத சங்கதி சீவாளியில் வராது என்று எங்கள் வாத்தியார் அடித்துச் சொல்வார். உனக்குக் குரல் இல்லை என்று சாக்குச் சொல்லாதே. அழகாகப் பாடச் சொல்லவில்லை, எங்கே போகிறோம் என்று தெரிந்து பாடச் சொல்கிறேன். விரல் பழக்கத்தில் ஓடும். வாய் அப்படி ஓடாது, ஒவ்வொரு சுரத்தையும் நினைத்தால்தான் பாட வரும்.

இரண்டாவது, கீர்த்தனை. நீ ராகத்துக்குப் பதிவுகளைத் தேடுகிறாய், பாட்டைத் தேடவில்லை. பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் ‘ஏரா நாபை’ வர்ணத்தை மூன்று காலத்திலும் வாசி. தியாகராஜரின் ‘கொலுவமரெகதா’, சியாமா சாஸ்திரியின் ‘நின்னே நம்மினானு’, தீட்சிதரின் ‘கமலாம்பிகே’, பாபநாசம் சிவனின் ‘கார்த்திகேய காங்கேய’ எல்லாமே தோடி. பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துப் பார். ஒரே ராகத்துக்குள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாசல் வழியாக நுழைந்திருப்பார்கள். பாட்டு நன்றாக ஊறியவனுக்கு ஆலாபனையில் வழி தட்டுப்படாமல் போகாது. பெருமாள் கோயிலில் வாசிக்கப் போகிறாய், ‘தாயே யசோதா’வும் தோடிதான். ராகத்துக்குப் பிறகு அதை எடுத்தால் கிழவிகள்கூட எழுந்து போக மாட்டார்கள்.

மூன்றாவதுதான் நீ இதுவரை பண்ணாதது. ராகத்தில் வேலி போட்டுக்கொண்டு வாசிப்பது. இன்றைக்கு மத்யமத்திலிருந்து நிஷாதம் வரைக்கும்தான், பஞ்சமத்தைத் தொடமாட்டேன் என்று வைத்துக்கொள். இருக்கிற சுரம் மூன்றுதான். முதல் ஐந்து நிமிடத்தில் உனக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் ஒரு வெறுமை வரும், நாயனத்தை வைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம் என்று தோன்றும். போகாதே. தைவதத்தில் நில். மூச்சைக் குறைத்துக்கொண்டு நில். அதை ஒரு தரம் மத்யமத்திலிருந்து தொடு, இன்னொரு தரம் நிஷாதத்திலிருந்து இறங்கித் தொடு. ஒரு தரம் துத்துக்காரம் போட்டு எடு, அடுத்த தரம் நாக்கே படாமல் அகாரமாக எடு. உதட்டை இறுக்கினால் என்ன ஆகிறது, தளர்த்தினால் என்ன ஆகிறது என்று கேள். ஒரே சுரம்தான், ஆனால் அது வேறு வேறாக வருவது உனக்கே கேட்கும். அந்த நேரத்தில் நீ முன்பு வாசிக்காத ஒரு பிடி வரும். சின்னதாகத்தான் வரும். உடனே ஓடிப்போய்ப் போனில் பதிவு பண்ணாதே. வந்தது திரும்ப வரும், அல்லது அதைவிட நல்லது வரும். அடுத்த நாள் வேலியை மாற்று, காந்தாரத்துக்குக் கீழே மட்டும் என்று வை. நாயனத்தில் கீழ் ஸ்தாயிக்கு மூச்சை அடக்கப் பழக வேண்டும், அதற்கும் இது நல்லது.

எட்டயபுரம் உனக்கு எட்டாத தூரம் இல்லை. முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் அங்கேதான் அடங்கினார். அவர் வம்சத்தில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904இல் அங்கேயே சங்கீத சம்பிரதாய பிரதர்சினியை அச்சிட்டார். தெலுங்கில் வந்த புத்தகம், தமிழிலும் பிற்பாடு வந்திருக்கிறது. ஒவ்வொரு ராகத்துக்கும் லட்சணம், கீர்த்தனை, சஞ்சாரி என்று கமகக் குறிகளோடு எழுதி வைத்தார். எந்தெந்த வழியில் ராகம் நடமாடும் என்பதைக் காட்டினார். நீ இப்படித்தான் ஆலாபனை வாசிக்க வேண்டும் என்று ஒன்றை முழுசாக எழுதி யார் கையிலும் கொடுக்கவில்லை. அவ்வளவு நுணுக்கமாக எழுதத் தெரிந்தவருக்கு அது முடியாத காரியமா? அதைச் செய்யாமல் விட்டதில் ஒரு தெளிவு இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதே கரிசல் காட்டில் விளாத்திகுளம் சுவாமிகள் இருந்தார், நல்லப்ப சுவாமிகள். சாகித்தியத்துக்கே போகாமல் ராகத்தை மட்டும் நேரம் போவது தெரியாமல் பாடியவர் என்று பேர். காருக்குறிச்சியாருக்கு அவரிடம் அப்படி ஒரு பக்தி. கி. ராஜநாராயணன் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார், தேடிப் படி. மல்லாங்கிணறு எஸ். ராமகிருஷ்ணனின் ‘சஞ்சாரம்’ நாவலையும் படி. 2018இல் சாகித்திய அகாதமி விருது வாங்கியது. நம்மைப் போன்ற நாயனக்காரர்களை ஊர் எப்படி நடத்தியது என்று அதில் இருக்கிறது. இதையும் தயாரிப்பில் சேர்த்துத்தான் சொல்கிறேன். உன்னை எங்கே உட்கார வைப்பார்கள், சாப்பாடு எங்கே, தொகை எவ்வளவு என்பதை முன்கூட்டியே தெளிவாகப் பேசிவிடு. அவமானப்பட்ட மனசோடு தோடி வாசிக்க முடியாது. ராஜரத்தினம் பிள்ளை மேடைக்காகவும் மரியாதைக்காகவும் போட்ட சண்டை எல்லாம் நாம் இன்றைக்கு வாங்கித் தின்கிற சோறு.

வீட்டில் சாதகம் பண்ண முடியவில்லை, தெருவில் சத்தம் போடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அவர்கள் மேலும் தப்பில்லை. ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவர்கள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள். நாயனம் வெளி வாத்தியம், ஓட்டு வீட்டுக்குள் அடங்காது. அமெரிக்காவில் சானி ரோலின்ஸ் என்று ஒரு சாக்ஸபோன்காரர். பேரும் புகழுமாக இருந்தவர், 1959இல் தன் வாசிப்பு தனக்கே திருப்தியில்லை என்று மேடையை விட்டு ஒதுங்கினார். பக்கத்து வீட்டில் ஒரு கர்ப்பிணிப் பெண், அவருக்குத் தொந்தரவாக இருக்கும் என்று நியூயார்க்கில் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் நடைபாதைக்குப் போய், ரயிலும் காரும் கப்பலும் போகிற இரைச்சலுக்கு நடுவில் வாசித்தார். இரண்டு வருஷத்துக்கு மேல் அப்படி நடந்தது. அவரும் மேடையில் அந்தந்த நேரத்தில் கற்பனையாக வாசித்தவர்தான். எந்தக் கச்சேரிக்காகவும் அவர் பாலத்துக்குப் போகவில்லை. பிஸ்மில்லா கான் காசியில் கங்கைக் கரை பாலாஜி கோயிலில் வருஷக்கணக்காக ஷெனாய் சாதகம் பண்ணினார். உனக்குத் தங்கல்மலை இருக்கிறது, கண்மாய்க்கரை இருக்கிறது. விடியற்காலையில் போ. திறந்த வெளியில் வாசித்தால் ஒலி திரும்பி வராது, உன் சுருதி உனக்கு அம்மணமாகக் கேட்கும். மூச்சும் நிலைத்து நிற்கும்.

கச்சேரிக்கு முந்தின நாள் தோடியைத் தொடாதே. வேண்டுமானால் மாயாமாளவகௌளையில் சரளி, ஜண்டை வாசி. விரலும் உதடும் சூடேறினால் போதும்.

கச்சேரி அன்றைக்குச் செய்ய வேண்டியது முக்கால்வாசி சீவாளி வேலை. பட்டாசும் தீப்பெட்டியும் நம் பக்கம் வேர்விட்டதற்கு இந்த வறண்ட காற்றும் ஒரு காரணம் என்பார்கள். அதே காற்றுதான் சீவாளியின் எதிரி. காவிரிக் கரைக் கொறுக்கையில் செய்த சாமான், இங்கே பகல் வெயிலில் காய்ந்து வாய் மூடிக்கொள்ளும். புரட்டாசியில் ராத்திரி திடீரென்று ஒரு மழை பெய்தால் ஊறி அகலமாகும். வாய் அகன்ற சீவாளி மூச்சைக் குடிக்கும், ஒலி கரகரக்கும். மூடியது கீழே இறங்காது, கீச்சென்று நிற்கும். அதனால் சாயங்காலம் போய் வாசிக்கிற இடத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக நனைத்து, கெண்டையில் மாட்டி, கீழ் ஷட்ஜத்தையும் மேல் பஞ்சமத்தையும் ஊதிப் பார். இரண்டும் ஒரே மூச்சில் வருகிற சீவாளியை முதலுக்கு வை. கொஞ்சம் இறுக்கமானதை ராத்திரி ஈரத்துக்கு என்று ஒதுக்கு. சீவாளி நூலும் குச்சியும் நாயனத்தில் சும்மா தொங்குவதற்கு இல்லை, நடுவில் வாய் அடைத்தால் குச்சியை விடுகிற விரல் பழக்கம் வேண்டும். அதையும் சாதகம் பண்ணு.

கையைப் பற்றி ஒன்று. சீசன் நேரம், ஓவர்டைம் பார்க்கிறாய் என்று தெரியும். போன தரம் உன்னைப் பார்த்தபோது நகக்கண்ணிலும் விரல் ரேகையிலும் அலுமினியப் பவுடர் வெள்ளியாக ஒட்டியிருந்தது. அந்தக் கையோடு சீவாளியை எடுத்து வாயில் வைத்தாய். இனி வைக்காதே. சோப்புப் போட்டு, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் நாயனப் பை. வேலையில் மூக்கைத் துணி கட்டி மூடிக்கொள். உன் நுரையீரல்தான் உன் முதல். கச்சேரி அன்றைக்கு வேலைக்கு லீவு சொல்லிவிடு, அந்த ஒரு நாள் சம்பளத்தை நான் தருகிறேன்.

பயம் போகட்டும் என்று செட்டில் யாராவது கொஞ்சம் ஊற்றிக்கொள்ளச் சொல்வார்கள். இந்தத் தொழிலில் எத்தனை நல்ல உதடுகள் அதில் போயின என்று நான் கண்ணால் பார்த்தவன். குடித்தவனுக்குத் தான் வாசிப்பது நன்றாக இருப்பதாகத் தோன்றும், கேட்கிறவனுக்கு அப்படித் தோன்றாது. கற்பனையாக வாசிக்கிறவனுக்குத் தன் காதுதான் வழிகாட்டி, அதை மழுங்கடித்துக்கொண்டு என்ன வாசிப்பாய்? பயம் இருக்கட்டும். முதல் கார்வையை நீளமாக வைத்தால் பாதி இறங்கிவிடும்.

தவில்காரரோடு முன்கூட்டி உட்கார்ந்து பேசு, ஒத்திகை வேண்டாம். எந்தப் பாட்டு, எந்தக் களை, தனி எங்கே என்பது தெரிந்தால் அவருக்குப் போதும். இரண்டாவது நாயனம் வாசிக்கிற தம்பிக்கு இடைவெளி விடு. உன் பதிவுகளில் நீ மூச்சு வாங்குகிற இடத்தில்கூட அவனுக்கு வழி இல்லை. அவன் ஏந்துகிற பிடியைக் காது கொடுத்துக் கேட்டால் அதிலிருந்தே உனக்கு அடுத்தது கிடைக்கும்.

கீத் ஜாரெட் என்கிற பியானோக்காரரின் கதையை யாரோ உனக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றும் தயார் பண்ணாமல் போய் ஒரு மணி நேரம் வாசித்தார், அது உலகப் புகழ் பெற்றது என்று. நடந்தது உண்மைதான். 1975 ஜனவரி 24, ஜெர்மனியில் கொலோன் நகர ஆப்ரா அரங்கம். கேட்ட பியானோ வரவில்லை, ஒத்திகைக்கு வைத்திருந்த சின்ன, பழுதான பியானோதான் கிடைத்தது. மேல் சுரங்கள் மெலிந்து கீச்சிட்டன, கீழே கனம் இல்லை. முதுகு வலி வேறு. இன்னது வாசிப்பது என்ற முடிவு இல்லாமல்தான் அவர் உட்கார்ந்தார். ஆனால் மூன்று வயதிலிருந்து பியானோவில் வளர்ந்த மனிதர் அவர். அந்த ராத்திரிக்கு முன்னால் இருபத்தைந்து வருஷத்துக்கு மேற்பட்ட சரக்கு கையில் இருந்தது. உனக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. பியானோவின் மேலும் கீழும் சரியில்லை என்றதும் அவர் நடுப்பகுதியிலேயே நிறைய வாசித்தார். கீழே கனத்துக்காக இடது கையால் ஒன்றையே திரும்பத் திரும்பப் பிடித்து உருட்டினார். அன்றைக்கு உன் சீவாளி மேல் ஸ்தாயிக்கு மறுத்தால் அதோடு மல்லுக்கட்டாதே. நடுவில் நில். வேலி போட்டு வாசித்த பழக்கம் அப்போதுதான் கை கொடுக்கும், மூன்று சுரத்தில் அரை மணி நேரம் இருக்கத் தெரிந்தவனைச் சீவாளி ஒன்றும் செய்துவிட முடியாது.

அரை மணி நேரம் என்று சொல்லியிருக்கிறார்களே தவிர, கோயிலில் அது நிச்சயம் இல்லை. தீபாராதனை முந்திவிடலாம், புறப்பாடு தாமதமாகலாம். கல்யாணத்தில் பார்த்திருக்கிறாய், நீ மேல் ஷட்ஜத்தில் நிற்கும்போது கெட்டிமேளம் என்று விரலை ஆட்டுவார்கள். அந்த இடத்தில் முகம் சுளிக்காமல் ராகத்தை ஒரே மூச்சில் கீழே கொண்டுவந்து முடிக்கத் தெரிய வேண்டும். பெருமாள் புறப்பட இன்னும் பத்து நிமிடம் என்றால் முடித்த இடத்திலிருந்தே மறுபடி திறக்கவும் தெரிய வேண்டும். இதை மட்டும் வீட்டில் பழகலாம். வாசித்துக்கொண்டிருக்கும்போது எதிர்பாராத நேரத்தில் கை தட்டச் சொல் உன் தங்கச்சியிடம். தட்டியதும் இறங்கி முடி. சின்னப் பிள்ளைக்கு அது விளையாட்டாக இருக்கும், தட்டிக்கொண்டே இருப்பாள்.

போனை அன்றைக்கு வீட்டில் வைத்துவிட்டு வா. செட்டில் யாரும் பதிவு பண்ண வேண்டாம். பதிவு இருந்தால் அடுத்த வாரம் அதையே மனப்பாடம் பண்ணத் தோன்றும்.

சீவாளி ஒரு கொத்து, சிவகாசி பஸ்ஸில் வருகிற நம் தவில்காரரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். சிவப்பு நூல் கட்டியது பழகியது, மற்றவை புதுசு. புதியதை இப்போதிருந்தே தினம் கொஞ்சம் ஊதிப் பழக்கு, சனிக்கிழமை முதல் தரமாக வாயில் வைக்காதே. நான் அன்றைக்கு மத்தியானம் சாத்தூர் வழியாக வந்து சேருவேன். பஸ் ஸ்டாண்டுக்கு யாரும் வர வேண்டாம், அந்த நேரத்தில் நீ சாப்பிட்டுவிட்டுத் தூங்கு.

அன்புடன்,
உன் அண்ணாச்சி
கோவில்பட்டி